பதினேழு வருஷமாய்ச் சேராத கடிதம்

1

இந்தப் பினாங்கில் ஒரு பிள்ளை பிறந்தது என்று நிரூபிக்க, அந்தப் பிள்ளையே நேரில் போய் நின்றாலும் போதாது. காகிதம் கேட்பார்கள். என் மகள் மைமூனுக்கு வயது பதினாலு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அடுத்த மாதப் பரீட்சைக்குப் பிறந்த பத்திரம் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார்கள். பத்திரத்தில் அவள் பெயர் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் இன்னொரு மாதிரி. என் பெயரோ மூன்று ஆபீஸில் மூன்று விதமாக இருக்கிறது. எந்தப் பெயருக்கு நான் சொந்தக்காரன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். போடிநாயக்கனூரில் என்னை எல்லாருக்கும் தெரியும், காகிதம் ஒன்றும் கிடையாது. இங்கே நேர்மாறு.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மைமூன் பத்திரத்தைத் தேடி என் தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள். அடியில் துணிக்குக் கீழே ஒரு பழைய உறை இருந்திருக்கிறது. மேலே தமிழில் அவள் அம்மாவின் பெயர், குறுக்கே சிவப்பு மையில் இங்கிலீஷ் எழுத்து, பிரிக்காத ஒட்டு. தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்தவள் சந்தோஷமாகச் சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, ஒங்களுக்கு சூராட்டு!"

மலாய்க்காரர்கள் கடிதத்தைச் சொல்லும் சொல் அது. என் மகளுக்கு அதுதான் முதலில் வாயில் வருகிறது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் இருந்தது எது என்று தெரிந்தது. "குடுக்காதே! அம்மா கையில குடுக்காதே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பக்கத்துச் சீனர் வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

என் மனைவி ராவியத்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உறையைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து, மாவுக் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர் தடுக்கும் வரை பின்னால் நகர்ந்தாள். மகள் கடிதத்தை நீட்டியபடி நடுவில் நின்றாள். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான்.

2

பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடைக்கு மேல் ஒரு அறை. ஆறு பேர் படுக்கிற இடத்தில் எனக்கு ஒரு மூலை. முதலாளி நல்லவர், "பெண்சாதியைக் கூட்டி வாருமையா, தனி வீடு பார்த்துத் தருகிறேன்" என்றார். நான் ஊருக்கு எழுதினேன். ராவியத்து வரமாட்டேன் என்றாள். மறுபடி எழுதினேன், மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவை இரண்டே வரியில் வந்தது: "கப்பல் ஏற எனக்கு மனசு இல்லை. வேணுமானால் நீங்கள் வாருங்கள்."

அவள் கப்பலுக்குப் பயந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அம்மா ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும் வழியில் கப்பலிலேயே மவுத்தானவர். குளிப்பாட்டி, தொழுவித்து, கடலில் இறக்கினார்கள். போய் நின்று ஒரு பாத்திஹா ஓத அவளுக்கு ஒரு கபுர், ஒரு மண்மேடு கூடக் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கோபப்பட்டேன் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அறையில் இருந்தவர்கள் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, "போடி மலையில் மாப்பிள்ளைக்கு அவ்வளவுதான் மதிப்பு" என்று கேலி செய்தார்கள். அது சுருக்கென்று தைத்தது.

கடைத் தெருவின் அஞ்சடி நடைபாதையில் கடிதம் எழுதிக் கொடுக்கும் முன்ஷி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய், தலாக் எழுதும் என்றேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இந்த மாதிரிக் கடிதத்துக்கு அவரிடம் வாசகம் தயாராக இருந்தது: "இக்கடிதம் உன் வசம் சேர்ந்த உடனே நீ மூன்று தலாக்கும் ஆனவள்." ஒரு தலாக் என்றால் இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடிவதற்குள் கணவன் மனம் மாறித் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மூன்றென்றால் கதவு அடைத்தது அடைத்ததுதான். எழுதும் என்றேன்.

இன்னொன்றும் செய்தேன். ராவியத்து அறபுத் தமிழ், அதாவது அறபு எழுத்தில் எழுதிய தமிழ், வாசிப்பாள். எனக்கும் அந்த எழுத்து தெரியும். அதில் எழுதியிருந்தால் அவள் தனியாகப் படித்துக்கொண்டிருப்பாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. வேறு யாராவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதச் சொன்னேன். நாலு பேர் படிக்கட்டும், நாலு பேருக்கு முன்னால் அவள் கேட்கட்டும் என்று நினைத்தேன். மனிதன் எவ்வளவு அற்பமாக இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள நான் வேறு யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

3

கப்பல் போன மறுநாள் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நின்றேன். என்ன ஓதினேன் என்று தெரியவில்லை. தொழுகை முடிந்ததும் அங்கே பாடம் நடத்தும் ஆலிம் சாகிபிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, "அதை ரத்து செய்துவிட்டேன் என்று இன்னொரு கடிதம் போட்டால் போதுமா?" என்று கேட்டேன்.

அவர் சட்டக் கிதாபைத் திறக்கக்கூட இல்லை. "போதாது. நிபந்தனை வைத்துச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. விட்ட கல் மாதிரி அது. ஆனால் ஒரு வழி இருக்கிறது" என்றார்.

"என்ன வழி?"

"உன் வசம் சேர்ந்த உடனே என்றுதானே எழுதினீர்? சேரவே இல்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்குத் தேதியில் அவள் உம் மனைவிதான். கடிதம் அவள் கைக்குப் போகாமல் பாரும்."

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். சன்னலுக்குப் பின்னால் இருந்த யுரேஷியன் குமாஸ்தாவுக்குத் தமிழ் வராது. எனக்கு வந்த இங்கிலீஷெல்லாம் கடையில் சாக்கு எண்ணுகிற இங்கிலீஷ். கையால் வாங்குவது போலவும் பிறகு தட்டிவிடுவது போலவும் நடித்துக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவர் எழுதியது, "கடிதம் வாங்காதே" என்ற பொருளில் இரண்டு மூன்று சொல்லும் என் பெயரும்தான். ஏன் வாங்கக் கூடாது, எந்தக் கடிதம், என்ன வாசகம், ஒன்றும் அதில் இல்லை. அதற்கு எனக்கு பாஷையும் இல்லை, புத்தியும் ஓடவில்லை.

எல்லாவற்றையும் விளக்கி ஊர்ப் பள்ளிவாசல் இமாம் அசரத்துக்கு அடுத்த கப்பலில் ஒரு கடிதம் போட்டதைத் தவிர, அதன்பிறகு நான் செய்யக்கூடியது ஏதும் இல்லை. தினமும் கடையைத் திறந்து, மிளகு மூட்டையைப் புடைத்து, கடையை அடைத்தேன். கப்பல் இன்றைக்கு நாகப்பட்டினம் போயிருக்கும், தபால் இன்றைக்கு ரயிலில் ஏறியிருக்கும், இன்றைக்கு மாட்டுவண்டியில் தேனி தாண்டியிருக்கும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கடிதம் என் ஊருக்குப் போகிற வழி அவ்வளவையும் நான் தூங்காமல் கூடவே போனேன்.

4

ஊரில் நடந்ததை ராவியத்தும் அவள் அண்ணன் சிக்கந்தர் மச்சானும் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தந்தியை முதலில் வாங்கிப் படித்தவர் மச்சான். படித்துவிட்டு நேரே பள்ளிவாசலுக்கு, அசரத்திடம் போனார். கடிதத்தைத் துரத்திக்கொண்டு தந்தி வருகிறது என்றால் அது என்ன கடிதமாக இருக்கும் என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அசரத்து தந்தியைத் தொடவே தயங்கினார். முந்தின வருஷம்தான் மதுரையிலிருந்து பெருநாள் பிறை தெரிந்ததென்று தந்தி வந்து, அதை ஏற்பதா கூடாதா என்று ஊரே இரண்டுபட்டு, இரண்டு நாள் பெருநாள் கொண்டாடியிருந்தார்கள்.

"இது யாரு சொன்னதுன்னு எப்படிப்பா நம்புறது? கம்பியில வந்த சத்தத்தை ஒருத்தன் எழுத்தாக்கினான், அதை இன்னொருத்தன் தாளுல எழுதினான். ரெண்டு பேரும் யாருன்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது" என்றார்.

மச்சானுக்குப் பொறுமை கிடையாது. "அசரத்தே, இது பெறை இல்ல. என் தங்கச்சி வாழ்க்கை. வெரசா ஒரு முடிவு சொல்லுங்க."

அசரத்து தாடியைத் தடவினாராம். பிறகு சொன்னார்: "சாட்சி சொல்லத்தான்ப்பா நல்ல ஆளு வேணும். எச்சரிக்கைக்கு ஆளு வேணாம். நாய் கொலைச்சாலும் கதவைச் சாத்துறோம்ல? சாத்தச் சொல்லு."

அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் பழைய ஆள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஓதலாமா என்று யோசித்தவர். இருந்தாலும் கிதாபை மூடாமல், தந்தியையும் தள்ளாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் நிற்க இடம் கண்டுபிடித்தார்.

ஆனால் கூடவே இரண்டு சிக்கலையும் சொன்னார். "வாசகம் என்னன்னு நமக்குத் தெரியாது. ‘தலாக் சொல்லிவிட்டேன்’னு எழுதியிருந்தா எழுதினப்பவே முடிஞ்சுது. ‘சேர்ந்ததும்’னு எழுதியிருந்தாத்தான் தப்பிக்க வழி. பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பிரிச்சா சேர்ந்ததாயிரும். அதனால பிரிக்கவே கூடாது. இன்னொண்ணு, ஒங்கத்தாவும் அதைத் தொடக் கூடாது. மகளோட காரியம் அத்தனையும் பாக்குறவரு அவரு. அவரு கையில சேர்ந்தா அவ கையில சேர்ந்த மாதிரின்னு கிதாபுல இருக்கு."

மாமு, அதாவது என் மாமனார், அப்போது குரங்கணியில் இருந்தார். ஏலக்காய் எடுப்புக் காலம். மலையிலிருந்து பொதிமாடுகளில் இறங்கும் மூட்டைகளை அங்கேதான் வாங்கி வைப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இறங்கி வருவார். வருகிற வழியில் தபால்காரர் சுருளியைப் பார்த்தால், வீட்டுக் கடிதங்களை அவரே வாங்கிக்கொள்வது பல வருஷப் பழக்கம். தபால் வருகிற நாளும் வெள்ளிக்கிழமைதான்.

5

மச்சான் வியாழக்கிழமை மழையோடு குரங்கணிக்கு நடந்தார். அட்டைக் கடியோடு போய்ச் சேர்ந்து, "இந்த வாரம் எறங்காதீங்க அத்தா" என்று விஷயத்தைச் சொன்னார். சொன்னதுதான் தப்பாகிவிட்டது. மாமுவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"எம் மகளை ஒரு காயிதத்துல தள்ளிவிடுவானா அவன்? அந்தக் காயிதத்தை நான் வாங்குறேன். நானே பிரிக்கிறேன். அப்படி எழுதியிருந்தா அவன் வேணாம்டா எங்களுக்கு, ஒழியட்டும்!"

மச்சான் தடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை. விடிந்ததும் மாமு மலைப்பாதையில் விடுவிடு என்று இறங்கினார். மச்சான் பின்னாலேயே ஓடி வந்தார்.

வீட்டில் ராவியத்து தந்தி வந்த நாளிலிருந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். எங்கள் பெண்கள் தபால்காரர் முன்னால் வரமாட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் சுருளி ஜன்னல் கம்பிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டு, "கடுதாசி தாயி" என்று குரல் கொடுத்துப் போய்விடுவார். அன்றைக்கு ஜன்னல் சாத்தியிருந்தது. கதவும் சாத்தியிருந்தது.

"ஆத்தா, பினாங்குக் கடுதாசி வந்திருக்கு. சன்னலைத் தெறங்க" என்றார் சுருளி. பினாங்குக் கடிதம் என்றால் அவருக்கு எப்போதும் குஷி. ஒரு தம்ளர் பானகமாவது கிடைக்கும்.

உள்ளே சத்தம் இல்லை. அவர் குனிந்து கதவுக்கு அடியில் தள்ளப் பார்த்திருக்கிறார். கீழே ஒரு விரற்கடை இடைவெளி உண்டு. ராவியத்து அதை முன்பே யோசித்து உள்பக்கம் கம்பளியைச் சுருட்டி அடைத்திருந்தாள். கடிதம் பாதி நுழைந்து நின்றது.

அப்போதுதான் அவள் பேசினாள். அன்னிய ஆண் காதில் அவள் குரல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, அதை எடுத்துருங்க. எனக்கு வேணாம். வேணாம்னு எழுதித் திருப்பி அனுப்புங்க."

சுருளி திகைத்துப் போனார். "என்ன ஆத்தா சொல்றீங்க? கடல் தாண்டி வந்திருக்கு. நாளைக்கு நான் குடுக்கலைன்னு எம்மேல புகாரு வந்தா எஞ் சோலி போயிரும்."

"நாலு பேரைக் கூப்பிடுங்க. அவங்க முன்னால சொல்றேன்."

எதிர்வீட்டுச் செட்டியாரம்மா வந்தார். வண்டிக்காரர் ஒருவர் வந்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். கதவுக்கு உள்ளிருந்து ராவியத்து தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, இந்தக் கடிதத்தை நான் வாங்கவில்லை, தொடவில்லை என்று உரக்கச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மாமு தெருமுனையில் வந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறு. "சுருளி! கொண்டா அதை இங்கே" என்று கையை நீட்டினார். பழக்க தோஷம், சுருளியும் நீட்டிவிட்டார். கடிதத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது என்பார் மச்சான்.

ஜன்னல் படார் என்று திறந்தது. முக்காடு நழுவிய முகத்தோடு ராவியத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தா, தொடாதீங்க! மேல எழுதியிருக்கிறது எம் பேரு. ஒங்க பேரு இல்ல."

"அவன் ஒன்னை வேணாம்னுட்டான் தாயி!"

"அவரு என்ன சொன்னாருன்னு நமக்குத் தெரியாது அத்தா. நான் என்ன சொல்றேன்னு கேளுங்க. நீங்க வாங்கினா நான் போயிருவேன். நான் போக மாட்டேன்."

மாமுவின் கை அப்படியே நின்றது. பிறகு அவர் அந்தக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்துவிட்டார். சுருளி அங்கேயே குந்தி உட்கார்ந்து, "வாங்க மறுப்பு" என்பதை இங்கிலீஷில், சிவப்பு மையால் உறையில் எழுதினார்.

நாலு பேர் முன்னால் அவள் அவமானப்பட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நாலு பேர் வந்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு.

6

என்ன வாசகம் என்று நான் விவரமாக எழுதிய இரண்டாவது கடிதத்தை அசரத்து பெயருக்கே போட்டிருந்தேன். அது போய்ச் சேரும் வரை ஏறக்குறைய இரண்டு வாரம், தான் மனைவியா இல்லையா என்று தெரியாமல் ராவியத்து உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி அவள் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

சேரவில்லை, ஆகையால் தலாக் இல்லை என்று அசரத்து தீர்ப்புச் சொன்னார். சிவப்பு மையோடு உறை பினாங்குக்குத் திரும்பி வந்தது. அது வந்த ஐந்தாம் மாதம் ராவியத்தே வந்தாள், கப்பலில், மச்சான் துணையோடு. வழியெல்லாம் கடலைப் பார்க்காமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாளாம். துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் சலாம் சொன்னாள். அடுத்து, "அந்தக் கடுதாசி எங்க?" என்றாள்.

"பெட்டியில இருக்கு. எரிச்சிடுறேன்" என்றேன்.

"எரிச்சா மறந்துருவீங்க. ஒங்க கிட்டயே இருக்கட்டும்."

"நீ எப்படிக் கப்பல் ஏறினே?"

"நடுவுல கடல் கெடந்தா மறுபடியும் எழுதுவீங்க" என்றாள்.

வருஷங்கள் போகப் போக அது எங்கள் வீட்டில் ஒரு கதையாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். சிக்கந்தர் மச்சான் இங்கே வரும்போதெல்லாம் சுருளியைப் போல் பேசிக் காட்டுவார். நானும் சிரிப்பேன். ராவியத்தும் சிரித்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். கடிதமோ பெட்டியில் உயிரோடு கிடந்தது. அதில் தேதிக் கெடு எதுவும் இல்லை. என்றைக்கு அவள் கையில் சேர்கிறதோ, அன்றைக்கு அதன் வேலையைச் செய்யும்.

7

மைமூனிடமிருந்து கடிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவளிடம் ஒளிக்க முடியாது என்று ஆகிவிட்டது. அங்கேயே நின்று முழுவதையும் சொன்னேன். தமிழ் புரியாத இடத்தில் மலாயில் சொன்னேன். என் வாயால் என் மகளிடம் அதைச் சொல்வது எந்த ஆபீசில் நிற்பதைவிடவும் கஷ்டமாக இருந்தது.

"வெறும் பேப்பர்தானே அத்தா? இந்தக் காலத்துல இதுக்குப் போய் பயப்படலாமா?" என்றாள்.

சுவரோரத்திலிருந்து ராவியத்து சொன்னாள்: "பேப்பரா வந்ததாலதான்டி தப்பிச்சேன். எதுத்தாப்புல நின்னு வாயால சொல்லியிருந்தா எந்த சன்னலைச் சாத்துறது?"

இப்போது ஊர்ப் பத்திரிகைகளில் பார்க்கிறேன். தந்தியில் வந்த பிறை செல்லுமா, கிராமபோனில் ஓதியதைக் கேட்டால் நன்மை உண்டா, பெண்பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கலாமா என்று சண்டை நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். நான் ஆலிம் இல்லை. பழைய சட்டத்தையும் புதுத் தபாலையும் என் கோபத்துக்கு ஏவலாளாக வைத்துக்கொண்டவன், அவ்வளவுதான். அதே சட்டத்தையும் அதே தபாலையும் வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துக்கூடத் தெரியாத ஒருத்தி வீட்டைக் காப்பாற்றினாள். இதற்கு மேல் எனக்கு மார்க்க விளக்கம் தெரியாது.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவளுக்கும் ஒருவன் வருவான். அவனும் எங்கேயாவது கப்பலேறிப் போவான்.

அப்போதுதான் ராவியத்தைக் கவனித்தேன். கடிதம் என் கையில் இருந்தும், அவள் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. பதினேழு வருஷமாக ஒரே வீட்டில், இந்தப் பெட்டியைத் துடைத்து, இந்தப் பெட்டி மேல் பாயைச் சுருட்டி வைத்து வாழ்ந்தவள். அவள் ஒரு நாளும் பயப்படாமல் இருந்ததில்லை என்று எனக்குப் போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. நான் அழுதேன். மகள் முன்னால் அழுதேன்.

"எரிச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "எரிங்க. ஆனா மறக்காம இருக்க வேற வழி பண்ணுங்க. ஊருக்கு எழுதிப் போடுங்க. நாலு பேரு படிக்கட்டும்."

நாலு பேர் படிக்கட்டும் என்று அன்றைக்கு நான் நினைத்ததை அவளிடம் என்றோ சொல்லியிருந்தேன். அவள் மறக்கவில்லை.

உறையை அடுப்பில் வைத்தேன். அரக்கு ஒட்டு உருகி, ஓரம் சுருண்டு, சுருளியின் சிவப்பு எழுத்து கடைசியாகப் போயிற்று. மைமூன் ஊதுகுழலால் சாம்பலைக் கிளறித் தூளாக்கினாள். எல்லாம் போன பிறகுதான் ராவியத்து கைகளை முன்னால் கொண்டுவந்தாள். மாவு விரல்களில் காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் தொட்டுக்கொண்டு மறுபடியும் பிசைய உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கொடுத்த வாக்குப்படி எழுதிவிட்டேன். போடியில் நாலு பேர் இதைப் படியுங்கள்.